பெரலாந்திரா: மிதக்கும் தீவுகளின் உலகம்

சூரியனும் சந்திரனும் நீங்கலாக, வானிலே கண்ணுக்குப் புலனாகும் சுடர்களுள் ஒளி மிகுந்தது வெள்ளி. விடியுமுன் கிழக்கிலும், பொழுது சாய்ந்தபின் மேற்கிலும் தோன்றும் அக்கிரகத்தை மனிதர் தெய்வ நினைவோடு சேர்த்தே நோக்கி வந்திருக்கின்றனர். பாபிலோனியர்க்கு அது இஷ்தார் தேவி; உரோமர்க்கு வீனஸ் என்னும் அழகுத் தெய்வம்; இந்துப் புராணங்களில் அசுரர் குருவாகிய சுக்கிராசாரியார். இத்தகைய கிரகத்திற்கு இருபதாம் நூற்றாண்டிலே புதியதொரு புராணத்தைப் படைத்தவர் சீ. எஸ். லூயிஸ் என்பவர். 1898 இல் பெல்பாஸ்ட் நகரிற் பிறந்த இவர், ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். 1943 இல் வெளிவந்த இவரது நாவலின் பெயர் ‘பெரலாந்திரா’. வானுலகத்தார் மொழியில் வெள்ளிக் கிரகத்தின் பெயர் அதுவே என்பது ஆசிரியரின் கற்பனை.

அக்காலத்தில் வெள்ளியின் தரையைக் கண்டவர் எவருமிலர். தொலைநோக்கியிற் புலப்பட்டதெல்லாம் இடைவெளியின்றி மூடிய மேகமே. மேகம் உண்டெனில் நீரும் உண்டெனப் பலர் ஊகித்தனர். வெள்ளியில் யாவும் ஈரஞ் சொட்ட நனைந்திருக்கும் எனச் சுவீடன் தேசத்து விஞ்ஞானி அரேனியஸ் எழுதியிருந்தார். மேகத்தின் மேற்புறத்தே காபனீரொட்சைட்டு மிகுதி என்பது 1932 இல் அறியப்பட்டதாயினும், மேகத்தின் கீழ் என்ன இருக்கிறதென்னும் வினா விடையின்றியே நின்றது. அவ்விடத்திலே தம் கற்பனைக் கடலை விரித்தார் லூயிஸ்.

பெரலாந்திராவில் எங்கும் கடல். அதன் நீர் உவர்ப்பற்றது, பருகத்தக்கது. அலைகள் மலைகள்போல் எழுவன. வானம் பொன்னிறம், பகலிற் சூரியவட்டம் தோன்றுவதில்லை. இரவிலோ ஒரு விண்மீனும் இல்லாத காரிருள். அக்கடலின்மேல் தீவுகள் மிதக்கின்றன. அவை பாறையால் ஆனவை அல்ல. பின்னிப் பிணைந்த தாவரங்களால் ஆகியவை. அலை அடியிற் செல்லுந்தோறும் தரை அதன் வடிவத்தையே கொள்ளும். இக்கணம் குன்றின் உச்சியில் நிற்பவன் மறுகணம் பள்ளத்தாக்கில் நிற்பான். அசையாத பாறைநிலமும் அங்கே உண்டு. அதன் பெயர் ‘நிலைத்த நிலம்’. கதையின் மூலவேர் அந்நிலத்திலேயே உள்ளது.

இவ்வுலகிற்கு வருபவன் றான்சம் என்னும் மொழிநூற் பேராசிரியன். 1938 இல் வெளிவந்த முந்திய நாவலிலே செவ்வாய்க்குச் சென்று மீண்டவன் இவன். வெள்ளிக்கு இவனைக் கொண்டு செல்வது யந்திரமன்று. வானுலகத்து ஆவி ஒன்று சவப்பெட்டி போன்ற வெண்பேழையில் வைத்து இவனை அனுப்புகின்றது. லூயிஸ் வகுத்த புராணத்தின்படி, ஒவ்வொரு கிரகத்திற்கும் ‘ஓயார்சா’ எனப்படும் காவல் தெய்வம் ஒன்றுண்டு. அவற்றிற்கெல்லாம் மேலானவர் மலேல்டில் என்னும் இறைவன். பூமியின் ஓயார்சா மட்டும் இறைவனை எதிர்த்துக் கோடியது. அதனாற் பூமி ஏனைய உலகங்களோடு தொடர்பற்று, ‘மௌனக் கிரகம்’ ஆயிற்று. கிறித்தவ வேதம் கூறும் வீழ்ச்சிக் கதையையே லூயிஸ் சூரிய மண்டலம் முழுவதற்கும் விரித்துரைத்தார்.

வெள்ளியிலே அக்கதை இனித்தான் தொடங்கவேண்டும். அங்குள்ள மானிடர் இருவரே: பச்சை மேனியளாகிய அரசி ஒருத்தி, அவளைப் பிரிந்து வேறொரு தீவில் மிதந்து செல்லும் அரசன் ஒருவன். அவர்களுக்கு இறைவன் இட்ட விலக்கு ஒன்று. நிலைத்த நிலத்திற்குப் பகலிற் போகலாம். இரவில் அங்கே தங்கலாகாது. ஏதேன் தோட்டத்திலே கனி விலக்கப்பட்டது. இங்கோ நிலம் விலக்கப்பட்டது.

அவ்வேளை வெஸ்டன் என்னும் விஞ்ஞானி தன் விண்கலத்தில் வந்திறங்குகிறான். தீய ஆவி அவனுடலிற் புகுந்து, அவன் வாயாலேயே அரசியை வசப்படுத்த முயல்கிறது. அது மிரட்டுவதில்லை, கதை சொல்லுகிறது. பிறர்க்காகத் துணிந்து விதியை மீறிய வீரப்பெண்களின் வரலாறுகளை நாள்தோறும் கூறுகிறது; அவள் கையிற் கண்ணாடியைக் கொடுத்துத் தன்னைத் தானே வியக்கவும் கற்பிக்கிறது. றான்சம் வாதாடிப் பார்க்கிறான். தீமைக்குச் சொல் தளர்வதில்லை, உறக்கமுமில்லை எனக் கண்டபின், கைகலந்தே அதனை வெல்கிறான். குதிக்காலில் ஆறாத புண்ணொன்று அவனுக்கு எஞ்சுகிறது.

அசையாத தரையிற் படுத்துறங்குவதில் அத்துணைக் குற்றம் யாது? இதற்கு விடை, றான்சம் வந்து சேர்ந்தவுடன் நிகழும் ஒரு சிறு செயலிலே குறிக்கப்படுகிறது. அவன் ஒரு கனியை உண்கிறான். அதன் சுவை முன்னறியாதது. பசியும் தாகமும் தீர்ந்த பின்னும் கை இரண்டாவது கனியை நாடுகிறது. ஏனோ தயங்கி விட்டுவிடுகிறான். பெற்ற இன்பத்தையே மீண்டும் மீண்டும் பெறவேண்டும் என்னும் வேட்கையே தீமையின் வேரோ என்று அவன் சிந்திக்கிறான். கதை முடிவில் அரசியும் இதனையே உணர்கிறாள். மிதக்குந் தீவில் வாழ்பவர்க்கு நாளை எங்கிருப்போம் என்பது தெரியாது. அலை கொடுப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நாளைய பொழுதைத் தன் கையிற் பிடித்துவைக்க விரும்புபவரே நிலைத்த நிலத்தை நாடுவர். ஆதலின் அவ்விலக்கு, நம்பி வாழக் கற்பிக்கும் பாடமாகும். அலையும் தீவும் பாறையும் கதைக்குப் பின்னணி மட்டுமல்ல. அறமே அங்கு பூமிசாஸ்திரமாக அமைந்துள்ளது.

1962 டிசம்பர் 14 இல் அமெரிக்காவின் மரினர் 2 வெள்ளியை அணுகிச் சென்று, அது மிக்க வெப்பமுடையதென அறிவித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் லூயிஸ் காலமானார். 1970 இல் சோவியத் நாட்டு வெனேரா 7 அங்கே இறங்கிச் செய்தி அனுப்பிற்று. தரையின் வெப்பம் ஏறத்தாழ 465 பாகை செல்சியஸ். வளியமுக்கம் பூமியிலுள்ளதைப்போல் ஏறக்குறைய 90 மடங்கு. மேகங்கள் சல்பூரிக்கமிலத் துளிகள். 1990 முதல் 1994 வரை மகெல்லன் விண்கலம் ரேடார் கொண்டு அக்கிரகத்தின் பெரும்பகுதியைப் படமாக்கிற்று. கடலுமில்லை, தீவுமில்லை, எங்கும் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையே. மிதக்கும் உலகம் என்று எண்ணப்பட்டது முற்றிலும் நிலைத்த நிலமாய் முடிந்தது.

ஆயினும் விஞ்ஞானிகள் வெள்ளியின் தரைத்தோற்றங்களுக்குப் பெரும்பாலும் தேவியர் பெயரையும் மகளிர் பெயரையுமே சூட்டினர். வடபாகத்து மேட்டுநிலம் இஷ்தார். அதன்கண் உள்ள உயர்ந்த சமவெளி இலட்சுமி. பாற்கடலிற் பிறந்தவள் பெயர், ஒரு துளி நீருமற்ற கிரகத்திலே பொறிக்கப்பட்டுள்ளது.

எனவே, பெரலாந்திராவைக் கையிலெடுத்து வெள்ளியின் தன்மையை அறியப் புகுவார் ஏமாறுவர். ஆனால் விலைகொடுத்தும் வேலியிட்டும் நாளையை உறுதிசெய்ய முயல்வது வெள்ளிக் கிரகத்தார் வழக்கமன்று. பூமியில் வாழ்வாரின் வழக்கம். லூயிஸ் வரைந்த கடல் விண்கலங்களின் முன் வற்றிப்போயிற்று. அக்கரையில் நின்று அவர் கேட்ட வினாவை எந்த விண்கலமும் தீர்த்துவைக்கவில்லை.