ஒரு நூல் தப்பினால்

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியில் அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்கில் செய்த நகரும் கதவுகள் உண்டு. மெல்லிய சட்டங்களை இடைவெளி விட்டுக் கோத்த கதவுகள். மூடிய பிறகும் காற்று வரும், பார்வை மட்டும் நுழையாது. கட்டடத்தை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். 1937 முதல் 1939 வரை இங்கேயே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்தவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ் பெற்ற அதே நகாஷிமா.

அப்படி ஒரு கதவுக்கு இருபது சட்டம் அறுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் கூடினால் மொத்தத்தில் 10 மி.மீ. தள்ளிவிடும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது ஆசாரிகள் கணக்கு. அந்தக் கணக்கில் இது மூன்று நூலுக்கும் மேல். கதவு நிலைக்குள் இறங்காது. கைரம்பத்தில் இதைச் சாதித்தவர்களுக்கு வாழ்நாள் பழக்கம் துணை இருந்தது. ஓய்வு பெற்றபின் வீட்டுக் கொல்லையில் பட்டறை போடுகிறவர் அதற்காகத்தான் டேபிள் ரம்பம் தேடுகிறார்.

கடையில் முதலில் காதில் விழுவது குதிரைத்திறன். நான் அதைக் கடைசியில் கேட்கச் சொல்வேன். முதலில் பார்க்க வேண்டியது ஃபென்ஸ்: பலகையின் ஓரம் உரசிக்கொண்டு போகும் அந்த நீளத் தடுப்புச் சட்டம். அறுவையின் அகலத்தைத் தீர்மானிப்பது அதுதான். பிளேடு அறுக்க மட்டுமே செய்கிறது.

பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடினால் அதன் பல் நுனி மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகும். முன்பக்கப் பற்கள் பலகையை மேசையோடு அழுத்துகின்றன; பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே எழும்பி வருகின்றன. ஃபென்ஸின் பின்நுனி பிளேடை நோக்கி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் பலகை இரண்டுக்கும் நடுவே இறுகும். எழும்பும் பல் அதைக் கவ்வித் தூக்கி, நிற்பவரின் வயிற்றைப் பார்த்து வீசும். பிளேடுக்குப் பின்னால் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் பிளவுத் தகடு இருந்தால், அறுத்த வாய் மறுபடி மூடிக்கொள்ளாது. அந்தத் தகடு இல்லாத ரம்பம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஃபென்ஸ் பின்பக்கம் 0.1 மி.மீ. விலகி இருப்பது நல்லது. உள்ளே சாய்வதுதான் ஆபத்து.

கடையிலேயே சோதித்துவிடலாம். ஃபென்ஸைப் பூட்டி, மேசையில் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளத்திலிருந்து முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்கள். பூட்டைத் திறந்து, நகர்த்தி, மறுபடி பூட்டி அளந்து பாருங்கள். அளவு மாறக் கூடாது. பிறகு பின்நுனியைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் வேறு ரம்பத்தைப் பார்க்கலாம். இந்த விஷயத்தில், அமெரிக்கரான பீசமேயர் பிரபலப்படுத்திய டி வடிவ ஃபென்ஸ் இன்றும் நம்பகமானது. முன்பக்கத் தண்டவாளத்தில் மட்டும் இறுகி, தானாகவே நேராக நின்றுகொள்ளும்.

நகாஷிமா புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய அதே 1939இல்தான் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் யூனிசா ரம்பத்தைக் கொண்டுவந்தது. கேபினெட் ரம்பம் என்ற வகைக்கு அது முன்னோடி. பிளேடைத் தாங்கும் பாகங்கள் இதில் மேசையில் தொங்குவதில்லை, கீழே உள்ள இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். நேர் பிசகினால் மேசையின் நான்கு போல்ட்டைத் தளர்த்தித் தட்டிச் சரிசெய்துவிடலாம். வார்ப்பிரும்பு கனமானது, அதிர்வை விழுங்கும்.

அந்தக் கனம் நம்மூரில் வேறொரு கேள்வியைக் கிளப்புகிறது. 200 கிலோவைத் தாண்டும் இயந்திரத்தை, மரக்கட்டைமேல் செங்கல் பாவிய மெட்ராஸ் டெரஸ் மாடியில் ஏற்றலாமா? கூடாது. தரைத்தளத்தில், கான்கிரீட் மேல் வையுங்கள்.

அடுத்து மின்சாரம். மூன்று குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டார் முழுப் பளுவில் 15 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. வீட்டின் 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டி வேலை பார்க்க நினைப்பது வம்பு. தனி லைன் இழுத்து, அதற்கேற்ற எம்சிபி போட வேண்டும். சொந்தக்காரர்கள் பிரான்ஸில் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அங்கிருந்து வரும் ரம்பத்துக்கு மின்சாரத்தில் சிக்கல் இல்லை. இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் பிளேடின் துளை பெரும்பாலும் 30 மி.மீ. இருக்கும், பிளேடு வாங்கும்போது கவனியுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் 60 ஹெர்ட்ஸ் மோட்டாரோ இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடும் ஏறும்.

கடற்கரை ஊரில் ரம்பத்துக்குப் பெரிய எதிரி உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். வார்ப்பிரும்பு மேசையில் படிந்த உப்புத்தூளுக்கும் அதே கதிதான்: கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம், மறுநாள் செம்புள்ளி. துருப்பிடித்த மேசையில் பலகை வழுக்காது. வழுக்காத பலகையைத் தள்ளும் கை நிதானம் இழக்கும். வேலை முடிந்ததும் தூசி துடைத்து, மாதம் ஒருமுறை மெழுகு பூசித் தேய்த்துவிட்டால் போதும். சிலிகான் கலந்த பாலிஷ் வேண்டாம், அது மரத்தில் ஒட்டி வார்னிஷைக் கெடுக்கும்.

மரத்தூசியையும் மறக்க வேண்டாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

சாதாரண பிளேடு மரத்தில் தின்னும் அகலம் 3.2 மி.மீ., ஏறக்குறைய ஒரு நூல். 2.4 மி.மீ. மட்டும் தின்னும் மெல்லிய பிளேடைப் போட்டால் இரண்டு குதிரைத்திறனே வீட்டு வேலைக்குக் காணும். தேக்கிலுள்ள சிலிக்கா பல்லை மழுக்கும் என்பதால் டங்ஸ்டன் கார்பைடு பல்லாக இருக்கட்டும்.

பிளைவுட் மட்டுமே அறுப்பவருக்குக் கேபினெட் ரம்பம் வீண் செலவு. வழிச்சட்டத்தோடு வரும் கைச்சக்கர ரம்பம் போதும், இடமும் மிஞ்சும். தேக்கோ வேங்கையோ நீளவாக்கில் அறுத்துக் கதவும் நாற்காலியும் செய்யப் போகிறவர் தாராளமாக வாங்கலாம். கையில் பணம் குறைந்தால் குதிரைத்திறனில் ஒன்றைக் குறையுங்கள், ஃபென்ஸில் மட்டும் குறைக்காதீர்கள்.