கேஷுக்கு ரெட்டை வேடம்

புதுச்சேரி நேரு வீதியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பில் போடும் இடத்தில் ஒரே கேள்விதான்: "கேஷா, ஜிபேவா?" கேட்டவர் பதிலுக்குக்கூடக் காத்திராமல் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிடுவார். அந்தக் 'கேஷ்' மேடைக்கு வருமுன் எந்த அறையில் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டது என்று எட்டிப் பார்த்தால், அடடா, உள்ளே இருப்பது ஒருவர் இல்லை, இரண்டு பேர்! எம்.ஜி.ஆர். படத்து இரட்டை வேடம் மாதிரி ஒரே முகம், ஒரே குரல். ஆனால் ரத்த சம்பந்தம் கிடையாது. சத்தம் போடாமல் பின்வாசல் வழியாக வாருங்கள்.

பெரிய ஆங்கில அகராதிகளில் கேஷ் இரண்டு முறை தனித்தனியாக வரும். முதலாமவர் பிரெஞ்சுக் குடும்பம். லத்தீனில் பெட்டிக்கு 'காப்ஸா' என்று பெயர். அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆகி, பிரெஞ்சில் 'கெஸ்' ஆகி, 16-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆங்கிலத்துக்குள் கேஷ் என்று குதித்தது. அப்போது அதற்குப் பணம் என்ற பொருளோடு பணப்பெட்டி என்ற பொருளும் உண்டு. கல்லாப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாமவர்தான் நம்ம ஆள். போர்த்துக்கீசியர் இந்தப் பக்கம் வந்தபோது சந்தையில் புழங்கிய செப்புக் காசின் பெயரைக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் ஏற்கெனவே 'காய்ஷா' என்று ஒரு சொல் இருந்தது. பெட்டி என்று பொருள், அதே காப்ஸாவின் வாரிசு! காசு என்று காதில் விழுந்ததைக் காய்ஷா என்றே எழுதிவிட்டார்கள். அவர்களிடமிருந்து வாங்கி ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். பெட்டியும் காசும் முதன்முதலில் உரசிக்கொண்டது அந்தப் போர்த்துக்கீசியக் காதில்தான். அங்கிருந்து நம் காசு கப்பலேறிச் சீனா வரைக்கும் போனது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் கேஷ் என்றே பெயர். சீனர்கள் அதை அப்படிச் சொன்னதே இல்லை, பாவம்.

இந்தக் குடும்ப வரலாற்றைத் தோண்டியவர்களில் முக்கியமானவர்கள் 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் ஆசிரியர்கள் யூலும் பர்னலும். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, சரஸ்வதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். காசுக்கு மூலம் வடமொழிக் 'கர்ஷம்' என்பது அந்த அகராதி சொல்லும் வழி. இல்லை, தமிழேதான் என்பாரும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகப் போவதில்லை. பக்கத்து அறையில் இதைவிட வேடிக்கை நடக்கிறது.

பக்கத்து அறை என்றது புதுச்சேரி நாணயச் சாலை. 1736-இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் வழியாக ரூபாய் அடிக்கும் உரிமை கவர்னர் துய்மாவுக்குக் கிடைத்தது. இன்று வெள்ளை நகரத்தில் துய்மா வீதி இருக்கிறதே, அவர்தான். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பித்ததும் அதே வருஷம். வெள்ளி ரூபாய்க்குக் கீழே சில்லறைகள் மூன்று: பணம், துட்டு, காசு. இவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் எழுத்தில் எழுதிய அழகைக் கேளுங்கள். பணத்தை 'ஃபனோன்' என்றார்கள். பிரெஞ்சில் அதற்கு மாட்டின் அலைதாடி என்றும் பொருள். துட்டு 'தூதூ' ஆயிற்று. இன்றைய பிரெஞ்சுக் குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மைக்கு அதே பெயர். காசு? 'கஷ்'. அதே எழுத்துகளில் பிரெஞ்சில் எழுதினால் ஒளித்துவைக்கும் இடம்! ஆக, ஒரு பிரெஞ்சுக் கணக்கப்பிள்ளை ஏட்டைப் பிரித்தால் இத்தனை அலைதாடி, இத்தனை பொம்மை, இத்தனை மறைவிடம். சிரிக்காமல் எப்படிக் கூட்டிக் கழித்தார்களோ!

துட்டு என்பதே டச்சுக்காரர்களின் 'டாய்ட்' நாணயத்திலிருந்து வந்தது என்பார்கள். 1693 முதல் 1699 வரை இந்த ஊர் டச்சுக்காரர் கையில்தான் இருந்தது, நினைவிருக்கட்டும். புதுச்சேரித் துட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் பிரான்ஸ் அரசரின் லில்லிப்பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. 1836-இல் லில்லிப்பூவின் இடத்துக்குச் சேவல் வந்தது. தமிழ் எழுத்து மட்டும் நகரவில்லை.

அந்த 'ஒளித்துவைக்கும் இடம்' தனியாகவும் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. உச்சரிப்பு அதே கேஷ். போன் மெதுவாக ஓடினால் கடைப் பையன் "கேஷ் கிளியர் பண்ணுங்கண்ணா" என்பானே, அது இதுதான். பணம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்.

கிழக்கிந்தியக் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. சென்னை மாகாணத்துக்கான காசை 1803-இலிருந்து பர்மிங்காமில் அடித்து, அதன்மேல் 'கேஷ்' என்று ஆங்கிலத்திலேயே பொறித்தார்கள். 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் அந்தச் செப்பை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டு, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோர மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளித்தவர்கள் லட்சக்கணக்கில் அள்ளி வந்தார்கள். நம் ஊர்ச் சில்லறை, நம் ஊரையே பார்க்காமல்! ஆங்கிலேயர் கேஷ் என்று பொறித்துக்கொண்டிருந்த காலத்தில் புதுக்கோட்டை தன் பாட்டுக்குப் பிரகதாம்பாள் உருவத்தோடு அம்மன் காசு அடித்தது. திருவிதாங்கூரோ கடைசிவரை நாணயத்தில் 'கேஷ்' என்றே எழுதியது.

வங்கிக் கவுன்டரில் 'காசாளர்' பலகையைப் பார்த்துவிட்டு, ஆங்கிலக் கேஷியரைத்தான் தமிழில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. கேஷியர் பிரெஞ்சுப் பெட்டியின் பிள்ளை, காசாளர் நம் காசின் பிள்ளை. ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலைநீக்கம் செய்வதற்கும் ஆங்கிலத்தில் கேஷியர் என்றொரு வினைச்சொல் உண்டு. அதற்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை, உடைத்தல் என்ற பொருள்கொண்ட பிரெஞ்சுச் சொல் அதன் தாய். ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் முன்னாள் சிப்பாய்களான 'சொல்தா'க்கள் பெயரில் நிஜமாகவே துட்டு இருக்கிறது: 'சோலிடஸ்' என்ற ரோமானியப் பொற்காசுதான் அந்தச் சொல்லின் வேர். சம்பளம் வாங்குகிறவன் என்று அர்த்தம்.

நம் வீட்டுக் காசுக்கும் முகங்கள் குறைவில்லை. சோழர் கல்வெட்டில் பொன் நாணயம். மிஷன் வீதி நகைக்கடையில் காசுமாலை. பழந்தமிழில் குற்றம் என்றும் பொருள். 'காசறு' என்றால் குறையில்லாத. எனக்குப் பிடித்தது யாப்பிலக்கணக் காசு. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடிய வேண்டும்.

பாரதியார் 1908 முதல் பத்தாண்டு இந்த ஊரில் கையில் காசு தங்காமல் வாழ்ந்தார். அப்போது மணக்குள விநாயகர்மீது நான்மணிமாலை பாடினார். நாற்பது பாட்டு, அதில் பத்து வெண்பா. எத்தனை வெண்பாவின் கடைசியில் காசு விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிற வேலையை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.