கடகடப்பது யார்?

காரில் போகும்போது எங்கேயோ 'கடகட' என்று ஒரு சப்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ரேடியோவைச் சற்று உரக்க வைப்பீர்கள். நானும் மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து திருத்தணிக்குப் புறப்பட்டோம். வண்டியை நான் ஓட்டினேன். பக்கத்தில் என் கணவர். பின் ஸீட்டில் மாமியார், மடியில் அர்ச்சனைக் கூடை. மாமியாருக்கு வயது எண்பது. கண் கொஞ்சம் மங்கல். காது மட்டும் படு கூர்மை. சமையலறையில் எந்தத் தட்டு எந்தப் பாத்திரத்தின் மேல் ஆடுகிறது என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். திருநின்றவூர் தாண்டியதும் ஆரம்பித்தார்: "ஏம்மா, அந்த ரேடியோவை நிறுத்து. உன் வண்டியில் யாரோ தாளம் போடுகிறார்கள்!"

நிறுத்தினேன். தாளம் போடுவது ஒருவரல்ல, ஒரு கோஷ்டியே என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த நாளில் இதையெல்லாம் யார் பொருட்படுத்தினார்கள்? 1958 முதல் 2014 வரை உத்தரபாராவில் தயாரான அம்பாஸடர் காரைப் பற்றி ஊரெங்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: "ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சப்தம் போடும்!" என்ஜின் இரைச்சலில் மற்ற முணுமுணுப்பெல்லாம் அமுங்கிப் போய்விடும். இப்போது என்ஜின்கள் சாதுவாகிவிட்டன. மின்சாரக் கார்களிலோ அந்த உறுமலே இல்லை. ஆகவே ஒரு மூடி ஆடினாலும் காதில் விழுகிறது. போதாததற்கு, காரின் உள்ளே எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக்!

காருக்குள் கேட்கும் சப்தங்களில் முக்கியமானவை இரண்டு ஜாதி. பாத்திரத்தின் மேல் சரியாகப் பொருந்தாத தட்டு ஆடுகிறதல்லவா, அது 'கடகட' ஜாதி. இரண்டு பொருள்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் மோதிக்கொள்கின்றன. ஊஞ்சல் சங்கிலி 'கிறீச்' என்கிறதே, அது இரண்டாவது ஜாதி; இரண்டும் நெருக்கமாக அழுந்தி, விட்டு விட்டு உராய்கின்றன. முதலாவதற்கு இடைவெளியை அடைக்க வேண்டும்; இரண்டாவதற்கு உராய்வைத் தடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் சப்தம் கூடுமே தவிரக் குறையாது.

இன்னொரு சங்கதி. காலையில் கேட்காத சப்தம் மத்தியானத்தில் கேட்கும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு 60 டிகிரிக்கு மேலும் சூடேறும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரும்புச் சட்டம் 30 டிகிரி சூட்டில் அரை மில்லிமீட்டர்தான் நீளும். அதே நீளப் பிளாஸ்டிக்கோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டு இடுக்கில் முட்டிக்கொள்ளும். மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது, "எந்த நேரத்தில் கேட்கிறது?" என்பதையும் சொல்லுங்கள்.

திருவள்ளூரில் காப்பிக்கு நின்றபோது வண்டியைக் காலி செய்தோம். சப்தத்தைத் தேடும் முன் செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான். க்ளவ் பாக்ஸிலிருந்து ஒரு கண்ணாடிக் கூடு, இரண்டு சாவிக் கொத்து. கதவுப் பையில் ஒரு பம்பரம். டம்ளர் வைக்கும் குழியில் பதினேழு ரூபாய்ச் சில்லறை. டிக்கியில் ஜாக்கியும் ஸ்பானரும் கட்டவிழ்ந்து கிடந்தன. எல்லாவற்றையும் பழைய துண்டில் சுற்றி வைத்தோம். கோஷ்டியில் பாதிப் பேர் கச்சேரியை முடித்துக்கொண்டார்கள்.

மீதிக்கு வேறு வழி. கண்ணாடிகளை ஏற்றி, ஏஸியை அணைத்து, கொஞ்சம் கரடுமுரடான பாதையில் மெதுவாக ஓட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் உள்ளங்கையால் ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். எங்கே அழுத்தினால் சப்தம் நிற்கிறதோ, அங்கேதான் திருடன்! ஓட்டுகிறவர் தேடக் கூடாது. கண் சாலையை விட்டு நகரவே கூடாது. என் கணவர் டாஷ்போர்டைப் பிடித்துவிடுகிறார் போல அழுத்திக்கொண்டு வந்தார். மாமியாரோ, "அங்கே இல்லைடா, இங்கே!" என்று பக்கத்துக் காலி இடத்தின் ஸீட் பெல்ட்டைப் பிடித்தார். அதன் உலோக நாக்குதான் தூணில் தட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று என் பக்கத்துக் கதவு. ஆனால் அது கை அழுத்தத்துக்கு மசியவில்லை.

திருத்தணி அடிவாரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். 1960 ஏப்ரல் முதல் தேதி ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்த ஊரல்லவா? என்னிடம் தமிழிலும் பையனிடம் தெலுங்கிலுமாகப் பேசினார். கதவின் உட்பலகையைக் கழற்றியதும் ரகசியம் வெளிப்பட்டது. ஸ்பீக்கர் பொருத்த எப்போதோ பலகையைக் கழற்றியவர்கள் ஒரு கிளிப்பை உடைத்து, ஒன்றை மாட்டாமலே விட்டிருக்கிறார்கள்! புதுக் கிளிப் இரண்டு போட்டு, ஆடிய ஒயருக்குக் கம்பளித் துணி சுற்றினார். பத்து நிமிஷ வேலை.

நீங்களே வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. தட்டிக்கொள்ளும் இடத்தில் பின்பக்கம் பசையுள்ள மெல்லிய வெல்வெட் துணி நாடாவையோ ஸ்பாஞ்சுத் துண்டையோ ஒட்டலாம். அவசரத்துக்கு மடித்த அட்டையும் போதும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் முனகினால், துடைத்துவிட்டு ஸிலிக்கோன் கிரீஸ் துளி தடவுங்கள். நம் வீட்டுச் சர்வரோக நிவாரணியான தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். தூசி சேர்ந்து பிசுக்காகிவிடும்.

ஆனால், 'ஏர்பாக்' என்று பொறித்திருக்கும் இடங்களில் எதையும் ஒட்டவோ சொருகவோ கூடாது. விபத்தில் கண் இமைக்கும் நேரத்தில் விரிந்து உயிரைக் காக்கும் பை அதன் உள்ளே இருக்கிறது. தூண்களின் மேல் மூடிக்குப் பின்னாலும் சில கார்களில் அது உண்டு. அங்கே சப்தம் கேட்டால் பட்டறைக்காரர் பார்க்கட்டும். பிரேக் போடும்போதோ சக்கரத்தைத் திருப்பும்போதோ சப்தம் மாறினாலும், காலுக்கடியிலிருந்து வந்தாலும், அது நம் கைவைத்தியத்துக்கு உரியதல்ல. அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

திருத்தணியில் 365 படிகள். மாமியாரால் ஏற முடியாதென்று மலைப்பாதையில் காரிலேயே போய்த் தரிசனம் செய்தோம். இறங்கும்போது வண்டி பூனை போல வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை! திடீரென்று பின்னால், "வண்டியை நிறுத்து!" என்று மாமியாரின் குரல். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் ஓரமாக நிறுத்தினேன்.

"ஏதோ உருண்டது" என்றார்.

குனிந்து பார்த்தேன். உடைக்காமல் மீந்த சின்னத் தேங்காய் ஒன்று கூடையிலிருந்து நழுவி, என் ஸீட்டுக்கு அடியில் புகுந்து, பிரேக் பெடலுக்கு ஒரு சாண் தூரத்தில் குடுமியோடு உட்கார்ந்திருந்தது. அடுத்த வளைவில் பெடலுக்கு அடியில் போயிருந்தால் எவ்வளவு மிதித்தும் பிரேக் இறங்கியிராது. பழைய ரேடியோ இரைச்சலும் கடகடப்பும் இருந்திருந்தால் இந்தச் சின்ன உருளல் மாமியாரின் காதிலும் விழுந்திருக்காது. என் கை கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

தேங்காயைத் துண்டில் கட்டி டிக்கியில் போட்டோம். அடிவாரம் வந்து, சரவணப் பொய்கையும் தாண்டிய பிறகுதான் மாமியார் வாய் திறந்தார்.

"இப்போது ரேடியோவை வை. சின்னதாக வை."