விட்டுவைத்த வெள்ளை

1792-இல் ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டைச் சுற்றியபோது பாபநாசத்தில் தாமிரபரணி விழும் இடத்தை வரைந்துகொண்டார்கள். அது அச்சேறி லண்டனில் வெளிவந்தது 1804-இல். அந்த அச்சுமுறையில் செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவிச் சூடாக்குவார்கள். அமிலத்தில் முக்கி முக்கி நிழல்களை அரித்தெடுப்பார்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் அமிலம் தொடாதபடி முதலிலேயே மூடிவிடுவார்கள். நாம் பார்க்கும் அருவியின் வெள்ளை, அமிலம் தீண்டாத செம்பு விட்டுவைத்த தாளின் வெள்ளை.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்தும் வெள்ளையை விட்டுவைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) பின்னாளில் சொற்களையும் குறியீடுகளையும் வரைந்தவராகத்தான் பேசப்படுகிறார். அவர் இளமையில் நீர்வண்ணத்தில் தீட்டியவை கேரளத்துத் தென்னைகளும் நீர்நிலைகளும். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்றால் தாளின் வெள்ளைதான். எங்கே தூரிகை போகக்கூடாது என்பதை முதல் கோட்டுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். சாயம் ஒருமுறை ஊறிவிட்டால் அந்த வெள்ளை முழுதாகத் திரும்பாது.

இன்று டேப்லெட்டில் வரையும் பிள்ளை ஆற்றை முழுக்க இருட்டாக்கிவிட்டு, மினுமினுப்பைக் கடைசியில் தனி அடுக்காகப் போட்டுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் ஒரு தட்டலில் அழித்துவிடலாம். நல்ல தாளின் விலையை நினைத்துக் கை நடுங்க வேண்டியதில்லை; அது சிறிய லாபமல்ல. ஆனால் பழைய படங்களில் தெரியும் அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும். அது டேப்லெட் படங்களில் இல்லை.

விருத்தாசலத்துக்குப் பக்கத்திலுள்ள மங்கலம்பேட்டைக்காரர்களுக்கு ஆறு என்றால் விருத்தாசலத்து மணிமுத்தாறு. அன்றும் இன்றும் அது மழையை நம்பிய ஆறுதான்; ஐப்பசி கார்த்திகையில் ஓடும், கோடையில் மணலாகக் கிடக்கும். வரைய விரும்புகிறவர் காத்திருக்கத்தான் வேண்டும். இப்போது காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. மழைநாளில் பாலத்தருகே நின்று செல்போனில் நாலு படம் எடுத்தால் தீர்ந்தது. செல்போனோ, மின்னும் இடத்தையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துத் தள்ளிவிடும்.

தண்ணீர் இல்லாத மாதங்களில் அந்த வெளிச்சத்தை நான் பார்ப்பது விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளில். ஒருமுறை சுட்ட களிமண்ணை மெருகுக் குழம்பில் முக்கி மறுபடி சூளையில் வைப்பார்கள்; குழம்பு உருகிக் கண்ணாடியாகப் படியும். கடைத்தட்டிலுள்ள பொம்மையின் வயிற்றில் விளக்கொளி ஒரு புள்ளியாக நிற்கிறது. நாம் தலையைச் சாய்த்தால் அதுவும் நகர்கிறது, ஆற்றில் நகர்வதுபோலவே.