அம்மா எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப் போன பெண்கள் பலர் இன்று ஈப்போவின் தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகாத தலைமுறை. அப்படிப்பட்ட ஓர் அம்மாவுக்கு மாரடைப்பு வந்து, பெரிய மருத்துவமனையில் அடைப்பை நீக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், 'கண்டம் தாண்டியது' என்று குடும்பமே மூச்சு விடுகிறது. சில வாரம் கழித்து அம்மா இன்னொரு தலையணை கேட்கிறார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். வாயு, வயசு என்று விட்டுவிடுகிறோம்.

அங்கேதான் கவனம் வேண்டும். மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசை திரும்ப வளர்வதில்லை. மீதித் தசை அந்தப் பளுவையும் சுமந்து களைக்கும்போது ரத்தம் பின்னால் தேங்குகிறது. நுரையீரலிலும் கணுக்காலிலும் நீர் கோக்கிறது. இதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறார்கள். பெயர் பயமுறுத்துகிறது, ஆனால் இதயம் நின்றுவிடவில்லை; இறைக்கும் வேலை குறைந்திருக்கிறது.

இது யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் முதல் முறை கடும் மாரடைப்பு வந்த சுமார் 45,000 பேரை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுக்குள் இதயச் செயலிழப்போ மரணமோ நேரும் அபாயம் பெண்களுக்கு 20 விழுக்காடு அதிகம். மருத்துவமனையில் இதய நிபுணரைப் பார்த்தவர்களும் பெண்களில் குறைவு. மாரடைப்பு நோயாளிகளின் உயிராபத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் 'கிரேஸ்' மதிப்பெண்கூடப் பெண்களின் அபாயத்தைக் குறைத்தே காட்டியது என்று 2022-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. அதே ஆய்வில்தான் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிடும் முறை உருவானது.

நமக்கு இன்னொரு சுமை இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1974-லேயே கண்டது இது: இனிப்பு நீர் ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு அபாயத்தை இரண்டு மடங்காக்குகிறது, பெண்களுக்கோ ஐந்து மடங்கு. இதோடு ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த அப்போயின்மென்ட்டுக்கு அம்மாவோடு நீங்களும் போங்கள். எக்கோ ஸ்கேனில் இதயம் இறைக்கும் அளவு எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். 40-ம் அதற்குக் கீழும் என்றால் இதயம் பலவீனம். 50-க்கு மேல் இருந்தாலும் மூச்சு வாங்கினால் விடாதீர்கள். தசை விறைத்துப்போய் வரும் வகை பெண்களிடம்தான் அதிகம்.

வீட்டில் ஒரு தராசு போதும். காலையில் பசியாறுவதற்கு முன் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீராக இருக்கலாம். உடனே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால் 999.

கருவாட்டையும் பெலாச்சான் சம்பலையும் குறைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது முட்டிவலி மாத்திரை. காலமெல்லாம் மேடு பள்ளத்தில் நடந்த கால்கள், வலிக்கத்தான் செய்யும். ஆனால் டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். அம்மா எந்த மாத்திரை வாங்கிப் போடுகிறார் என்று கைப்பையைத் திறந்து பாருங்கள். கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர்கள் வீடியோ அழைப்பில், "சாப்பிட்டீங்களாம்மா?" என்பதோடு இதையும் கேட்கலாம்: "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுத்தீங்க?"