வானம் பார்த்த பூமி – 7: மணமேல்குடியின் மூன்று வளையங்கள்

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். தை அமாவாசையும் அன்றுதான். மதியம் ஒன்றேகால் மணிக்கு மேல், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையான மணமேல்குடியில் சூரியன் நடுவில் இருண்டு, ஓரம் மட்டும் எரியும் வளையமானது. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் அதே ஊருக்கு இன்னொரு வளையம். மூன்றாவது, 2031 மே 21 அன்று கத்திரி வெயிலில் வரவிருக்கிறது.

ஓர் ஊருக்கு வளையக் கிரகணம் திரும்பி வரச் சராசரியாக இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மணமேல்குடிக்கோ 21 ஆண்டுகளில் மூன்று! நிலாவின் நிழல் பாதைகள் பாக் நீரிணைப் பக்கம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதில் விழுந்த பரிசுச் சீட்டு இது. குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இதற்காகவும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

நிலா நம்மை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. தூரத்தில் இருக்கும்போது சூரியனுக்குக் குறுக்கே வந்தால் முழுதாக மறைக்கப் பற்றாது, ஓரம் மிஞ்சும். ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகில் இருப்பதால் 2010இல் சூரியன் சற்றுப் பெரிதாகவும் தெரிந்தது. தனுஷ்கோடியில் வளையம் பத்து நிமிடம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2019இல் மூன்று நிமிடத்தோடு சரி.

அதைப் பார்க்க அண்ணாந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பூவரச மரத்தடியில் நின்று தரையைப் பார்த்தால் போதும். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, மணலில் குட்டிக் குட்டி வளையங்களைக் கொட்டும். ஜல்லிக்கரண்டியைப் பிடித்தாலும் அப்படியே. ஆனால் கிரகணத்தன்று தமிழகத்தில் எத்தனையோ வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு, தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திவைத்துக் காத்திருந்தன. அடிப்பக்கம் தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்பதை யார் போய்ச் சொல்வது?

சொல்லப் புறப்பட்டவர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வான் ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867இல் அவர் கண்டுபிடித்த ‘ஆர் ரெட்டிக்குலி’ சுமார் ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறையும் விண்மீன். சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலேதான் அது தலைகாட்டும்; அங்கே ஒளி மாறுவதைக் கவனிக்க அசாத்தியப் பொறுமை வேண்டும். 1868 முழுக் கிரகணத்துக்கு வனபர்த்தி போனார். 1872 ஜூன் 6 வளையக் கிரகணத்தை அவிநாசியிலிருந்து பார்த்தார். ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியதும் அதே ஆண்டில்தான்.

இத்தனைக்கும் மேலே நிற்பது 1874 டிசம்பர் 9. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடக்கும் அந்த நாளுக்காக ஆங்கிலம், கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளில் கையேடு போட்டார். ஒரு சித்தாந்தியும் பண்டிதரும் உரையாடும் பாணியில் விஷயத்தை அவிழ்த்துக் காட்டியது அது. பஞ்சாங்கக்காரரின் சந்தேகம் எங்கே கிளம்பும் என்பது பஞ்சாங்கக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரியாதா! அந்த ஆண்டு ஏப்ரலில் பச்சையப்பன் மண்டபத்தில் பேசியபோது, மக்களுக்கென்று ஒரு வான் ஆய்வகம் வேண்டும் என்றும் கேட்டார். கண்ணால் கண்ட வானத்தோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் உழைத்தார். 1880இல் காலமானார்.

மக்களுக்கு வானத்தைச் சொல்லித்தர அவர் தொடங்கிவைத்த வேலையை இன்று அறிவியல் இயக்கத்தாரும் பள்ளி ஆசிரியர்களும் செய்கிறார்கள். ஆனால் மணமேல்குடி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று வளையமும் பள்ளி இல்லாத நாட்களிலேயே வருகின்றன: பொங்கல், அரையாண்டு விடுமுறை, இப்போது கோடை விடுமுறை. 2031இல் பிள்ளைகளை வகுப்பில் வைத்துச் சொல்லித்தர முடியாது. சூரிய வடிகட்டிக் கண்ணாடியும் கையேடும் ஏப்ரலுக்குள் மீனவர் தெருக்களிலும் ஏலக்கூடத்திலும் டீக்கடைகளிலும் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

(தொடரும்)