மழைமாதத்தில் தேன்பெட்டி வெறுமையாவது ஏன்?

ஏப்ரலில் பெட்டியைத் திறந்தபோது சட்டம் சட்டமாகத் தேனீக்கள் மொய்த்திருந்தன. தேனும் எடுத்தீர்கள். ஆகஸ்டில் மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஓர் ஈகூட இல்லை. கறுத்த அடையும், வெள்ளை நூலும், நெளியும் புழுவும்தான் மிச்சம். "எங்களுக்குத் தேன் வளர்ப்பு ராசியில்லை" என்கிறார் ஒருவர். "கண்ணூறு பட்டுவிட்டது" என்கிறார் இன்னொருவர். ராசியும் இல்லை, கண்ணூறும் இல்லை. அந்தத் தேனீக்கள் பசியால் வீட்டை விட்டுப் போய்விட்டன.

குளிர்நாட்டுத் தேனீயும் நம் தேனீயும்

ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் தேனீக்கள் பெட்டிக்குள் ஒரு பந்துபோல் ஒட்டிக்கொண்டு, சேர்த்த தேனை உண்டு, அந்தச் சூட்டில் உயிர் வாழ்கின்றன. ஒரு கூட்டம் குளிரைத் தாண்ட 15 முதல் 20 கிலோ தேன் வரை வேண்டியிருக்கும். ஆகவே அந்த நாட்டார் அவ்வளவையும் பெட்டியிலேயே விட்டுவைப்பார்கள்.

நம் ஊரில் பனி இல்லை. ஆனால் இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்வதற்குள் ஒக்டோபர், நவம்பர் மாத இடிமழை. மழையில் தேனீ வெளியே பறக்காது. இடையில் வெயில் எறித்தாலும் பூவில் உள்ள மது கழுவுண்டு போயிருக்கும். நமது தேனீக்கு இதுதான் குளிர்காலம்.

ஐரோப்பியத் தேனீ கூட்டை விடாமல் காத்திருக்கும். நாம் பெட்டியில் வளர்க்கும் நாட்டுத் தேனீயோ உணவு தீர்ந்தால் இராணியோடு புறப்பட்டுவிடும். காட்டில் வாழும் பெரிய மலைத்தேனீயைப் பாருங்கள். சிங்களத்தில் அதனை 'பம்பரா' என்பார்கள். பூக்காலத்தை ஒட்டி அது தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே இடம் மாறுகிறது. புறப்பட்டுப் போவது தேனீக்கு இறைவன் வைத்த இயல்பு. அது போகத் தேவையில்லாதபடி செய்வதே வளர்ப்பவரின் வேலை.

இறப்பர் தரும் தேன்

ஜனவரி, பெப்ரவரியில் இறப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதைத் தோட்டத்தில் 'விண்டரிங்' என்பார்கள். பனியே இல்லாத ஊரில் 'குளிர்காலம்' என்று பெயர் பெற்ற பருவம் அது! அதன் பின் துளிர்க்கும் இளம் கொழுந்தில், மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் மது சுரக்கும். பூவே இல்லாமல் இலைக்காம்பிலிருந்து தேனீக்குக் கிடைக்கும் விருந்து இது. நம் பகுதிப் பெட்டிகளில் நிறையும் தேனில் பெரும்பங்கு இப்படி வருவதுதான். இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும். சற்று நாளில் மழையும் தொடங்கிவிடும்.

கொழுத்த காலத்துக்கும் பஞ்சத்துக்கும் இடையே சில வாரங்களே உண்டு. அந்தச் சில வாரத்தில் நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் பெட்டியின் தலைவிதியைத் தீர்மானிக்கும்.

ஏப்ரலில் செய்ய வேண்டியவை

மேல் அறையில் உள்ள தேனை மட்டும் எடுங்கள். அதிலும் கடைசி அறுவடையில் ஒரு பங்கை விட்டுவையுங்கள். கீழே குஞ்சு அறையின் அடைகளில், மேல் விளிம்பில் வளைவாகத் தேன் இருக்கும். அதைத் தொடவே கூடாது. அது குஞ்சுகளின் சோறு. ஒரு போத்தல் கூடுதலாக எடுக்கும் ஆசையில் ஒரு கூட்டத்தையே இழப்பவர்கள் பலர்.

பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்தி வையுங்கள். முன்பக்கம் சற்றே சரிந்திருந்தால் உள்ளே புகுந்த நீர் வாசல் வழியே வடியும். வாசல் தென்மேற்குக் காற்றுக்கு நேராக இருக்கக் கூடாது. கிழக்கு நோக்கி இருப்பது நல்லது. மூடிக்கு மேல் நாற்புறமும் நீண்ட தகரம் ஒன்றை வைத்து, அதன்மேல் கல் ஒன்றை ஏற்றிவிடுங்கள்.

களு கங்கையின் அருகில் இருப்பவர்கள் 2003 மே, 2017 மே வெள்ளங்களை மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாளில் நீர் ஏறிய அடையாளத்துக்கு மேலேதான் பெட்டி இருக்க வேண்டும். வெள்ளம் வரும் இரவில் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். திடீரெனக் கொஞ்ச தூரம் தள்ளி வைத்தால், வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பி வந்து அலையும். முன்கூட்டியே நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்துங்கள்.

மழை நாட்களில்

வாரம் ஒருமுறை, மழை விட்ட வெயில் நேரத்தில் பெட்டியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பின்பக்கத்தைக் கையால் சற்றுத் தூக்கினாலே தேன் இருப்பு தெரிந்துவிடும். இலேசாக இருந்தால் உணவு கொடுங்கள்.

ஒரு கிலோ சீனியை ஒரு லீற்றர் கொதித்த நீரில் கரைத்து நன்றாக ஆறவிடுங்கள். சிரட்டையில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு ஊற்றி, ஈக்கள் மூழ்காதபடி சில ஈர்க்குகளை மிதக்கவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். மஃரிப் நேரம் நெருங்கிய பின்பே கொடுங்கள். பகலில் கொடுத்தால் வாசனைக்கு மற்றப் பெட்டி ஈக்கள் வந்து கொள்ளையடிக்கும். ஒரு துளியும் வெளியே சிந்தக் கூடாது. காலையில் மீதி இருந்தால் அகற்றிவிடுங்கள்.

எங்கோ வாங்கிய தேனை உணவாகக் கொடுக்காதீர்கள். அதில் நோய்க்கிருமி இருக்கலாம். 1991-92இல் தென்னிந்தியாவில் தாய் பைக்குஞ்சு நோய் என்னும் வைரஸ் நோய் பரவி, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நாட்டுத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது.

எதிரிகள் மூவர்

முதலாவது, மெழுகுப்பூச்சி. தேனீ மூடியிராத அடையில்தான் இது முட்டையிடும். ஆகவே கூட்டம் சுருங்கும்போது வீட்டையும் சுருக்க வேண்டும். காலி அடைகளை எடுத்துவிட்டு, இருக்கும் அடை ஒவ்வொன்றையும் ஈக்கள் மூடியிருக்கும்படி செய்யுங்கள். அடிப்பலகையில் விழும் தூளை வாரந்தோறும் துடையுங்கள்.

இரண்டாவது, எறும்பு. கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்துங்கள். புல் வளர்ந்து பெட்டியைத் தொட்டால் அதுவே எறும்புக்குப் பாலமாகிவிடும்.

மூன்றாவது, குளவி. வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்கிவிட்டால் குளவி உள்ளே புகாது.

புறப்படப் போவதற்கு அடையாளம்

மகரந்தம் சுமந்து வரும் ஈக்கள் குறையும். அடையில் முட்டை இருக்காது, தேனும் இருக்காது. இதைக் கண்டவுடன் அன்று மாலையே பாகு கொடுங்கள். வேறு பெட்டி இருந்தால் நோயற்ற குஞ்சு அடை ஒன்றை எடுத்து இதில் வையுங்கள். குஞ்சைக் கண்டால் தேனீ எளிதில் வீட்டை விடாது. இராணி வெளியேறாதபடி வாசலில் தடுப்பு வைக்கலாம். ஆனால் பசியைத் தீர்க்காமல் வாசலை மட்டும் தடுப்பதால் பயனில்லை.

நீண்டகாலத் துணை உங்கள் வளவுதான். தென்னை ஆண்டு முழுவதும் மகரந்தம் தரும். கமுகும், வேலியோரக் கொடிப்பூக்களும், பூசணியும் உதவும். தொட்டாற்சிணுங்கியைக்கூட முழுவதும் களைந்துவிடாதீர்கள். மேலும் அறிய விரும்பினால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளை, பிந்துனுவெவயில் உள்ளது.

ஒரு கண்டிப்பான சொல்

சீனிப்பாகு தேனீயின் உயிர் காக்கும் உணவு. விற்பனைப் பொருள் அல்ல. பாகு கொடுக்கும் மாதங்களில் அடையில் சேர்வதை எடுத்துப் போத்தலில் அடைத்து 'சுத்தமான தேன்' என்று விற்பது மோசடி. நோயாளிக்காக நம்பி வாங்குபவரிடம் சீனியைக் கொடுத்துத் தேனின் விலையைப் பெறுவது ஹலாலான சம்பாத்தியம் ஆகுமா? திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்தச் சமூகத்தார் விற்கும் தேனில் கலப்படம் இருப்பது எவ்வளவு பெரிய வெட்கம்! புதுத் துளிர் விட்டு, புதுத் தேன் வரும்வரை பொறுங்கள். அதற்கு முன், பாகு சேர்ந்த அடைகளை மேல் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தேனீ உழைத்துச் சேர்த்தது முதலில் தேனீயின் உணவு. அது உண்டு மிஞ்சியதுதான் நமது பங்கு. இந்தக் கணக்கை மறக்காத வீட்டில், அடுத்த இறப்பர்த் துளிரின்போதும் பெட்டி வாசலில் ரீங்காரம் கேட்கும், இன்ஷா அல்லாஹ்.